வோல்டேஜ் பூட்டிய கிராபிக்ஸ் கார்டு: ஏற்றுவதா, இறக்குவதா, தொடாமல் விடுவதா?

சித்திரை மாதத்து மதியம் ஒன்றில் மதுரையிலிருந்து அக்காள் மகன் அழைத்தான். “மாமா, ஆஃப்டர்பர்னரில் கோர் வோல்டேஜ் ஸ்லைடர் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது, நகரவே மாட்டேன் என்கிறது. கோர் வேகத்தை 180 மெகாஹெர்ட்ஸ் கூட்டினால் விளையாட்டு பாதியில் நின்றுவிடுகிறது. வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள். பூட்டைத் திறக்க வழி சொல்லுங்கள்.” அவன் சொன்ன ஆஃப்டர்பர்னர், கார்டின் வேகத்தையும் வோல்டேஜையும் மாற்ற உதவும் மென்பொருள்; கோர் என்பது கார்டின் முதன்மைச் சிப். அவனிடம் இருப்பது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ. ஒருவர் பயன்படுத்திவிட்டு விற்றதை வாங்கியிருந்தான்.

பூட்டைத் திறக்க அரை நிமிடம் போதும். ஆஃப்டர்பர்னரின் அமைப்புகளில் முதல் பக்கத்திலேயே ‘அன்லாக் வோல்டேஜ் கன்ட்ரோல்’ என்றொரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் செய்து, மென்பொருளை மூடித் திறந்தால் பெரும்பாலும் ஸ்லைடர் நகரத் தொடங்கிவிடும். அப்போதும் நகரவில்லை என்றால், மென்பொருளின் பதிப்பு கார்டைவிடப் பழையதா என்று முதலில் பார்க்க வேண்டும். மடிக்கணினி என்றால் தயாரிப்பாளரே பூட்டி வைத்திருப்பார். பத்து ஆண்டுக்கு முந்தைய கார்டு என்றால், அதிலுள்ள வோல்டேஜ் கன்ட்ரோலர் சிப்போடு மென்பொருளால் பேச முடியாமல் இருக்கலாம். அதே பக்கத்தில் ‘ரெஃபரன்ஸ் டிசைன்’, ‘தேர்ட் பார்ட்டி’ என்று தெரிவுகள் வருவது அப்படிப்பட்ட கார்டுகளுக்காகத்தான்.

அவனுக்கு ஸ்லைடர் திறந்தது. நூறு சதவீதம் வரை தள்ளினான். விளையாட்டு முன்பு நின்ற இடத்திலேயே மறுபடி நின்றது. வோல்டேஜை ஏற்றுவது, கார்டு இழுக்கும் மின்சாரத்தின் உச்சவரம்பான பவர் லிமிட்டை மாற்றுவது, வோல்டேஜை இறக்குவது, கார்டுக்குள் எழுதியிருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை மாற்றுவது, சால்டரிங் கோலை எடுப்பது, எதையும் தொடாமல் விடுவது என்று அவன் முன்னால் பல வழிகள் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடைபோட எங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

நூறு சதவீதம் என்பது எதன் நூறு?

அந்த ஸ்லைடரின் பெயர்தான் பலரையும் ஏமாற்றுகிறது. 2016இல் வந்த பாஸ்கல் தலைமுறை முதல் என்விடியா கார்டுகளில் வோல்டேஜை நாம் நேராக நிர்ணயிப்பதில்லை. ஒவ்வொரு வோல்டேஜுக்கும் எவ்வளவு வேகம் என்று ஒரு வளைகோடு கார்டுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. ஸ்லைடர் அந்தக் கோட்டின் உச்சியில் பூட்டியிருக்கும் சில புள்ளிகளை மட்டும் திறந்துவிடுகிறது. ஜிடிஎக்ஸ் 1080 போன்ற பாஸ்கல் கார்டில் வழக்கமான உச்சம் 1.062 வோல்ட், ஸ்லைடரை முழுவதும் தள்ளினால் 1.093 வோல்ட். 31 மில்லிவோல்ட் கூடுகிறது, அதோடு சரி.

அந்த 31 மில்லிவோல்டுக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சிப் இயங்கும்போது செலவாகும் மின்திறன், வேகத்தோடு நேர்விகிதத்திலும் வோல்டேஜின் வர்க்கத்தோடும் கூடுகிறது. 1.093ஐ 1.062ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் ஏறத்தாழ 1.06. அதே வேகத்துக்கே 6 சதவீதம் அதிக மின்சாரம். பதிலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒன்றிரண்டு படிகள். பாஸ்கலில் ஒரு படி ஏறத்தாழ 13 மெகாஹெர்ட்ஸ். 2000 மெகாஹெர்ட்ஸில் 26 என்பது 1.3 சதவீதம். கூடுதல் மின்சாரம் வெப்பமாகிறது. வெப்பம் ஏற ஏற கார்டு தானே வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கிறது. கையில் நிற்பது சில நேரம் ஒன்றுமே இல்லை.

இந்தக் கட்டுப்பாடு இன்று நேற்று வந்ததல்ல. 2012இல் கெப்ளர் தலைமுறையில்தான் என்விடியா இதை இறுக்கத் தொடங்கியது. இவிஜிஏ நிறுவனம் தன் ஜிடிஎக்ஸ் 680 கிளாசிஃபைட் கார்டோடு வோல்டேஜை ஏற்றுவதற்கென்றே ‘இவிபாட்’ என்ற தனிக் கருவியை இணைக்க வசதி தந்திருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அந்த இணைப்பையே எடுத்துவிட்டது. ஓவர்கிளாக் செய்கிறவர்கள், அதாவது தொழிற்சாலை வைத்த வேகத்துக்கு மேல் கார்டை ஓட்டுகிறவர்கள், அன்று கொதித்தார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. காசு கொடுத்து வாங்கிய பொருளின் மேல் நமக்கு உரிமை வேண்டும். ஆனால் அந்த உரிமைக்கான வாதத்தையும், இன்று என் கார்டு ஏன் தடுமாறுகிறது என்ற கேள்வியையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தடுமாற்றத்துக்கு வோல்டேஜ்தான் காரணமா?

இந்த இடத்தில்தான் பொறுமையாக நிற்க வேண்டும். வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால், கார்டு எந்தச் சுவரில் முட்டுகிறது என்று தெரியாவிட்டால் எந்த ஒப்பீட்டுக்கும் பொருள் இல்லை.

இலவசமாகக் கிடைக்கும் ஜிபியு-இசட் மென்பொருளில் சென்சார் பக்கத்தைத் திறந்தால் ‘பெர்ஃப்கேப் ரீசன்’ என்றொரு வரி ஓடும். கார்டு இதற்கு மேல் வேகமாக ஓடாததற்கு அந்த நொடியில் எது காரணம் என்று அது சொல்கிறது. ‘பவர்’ என்று வந்தால் பவர் லிமிட் தடுக்கிறது. ‘தெர்மல்’ என்றால் வெப்பம். ‘வி-ரெல்’ அல்லது ‘வி-ஆப்’ என்று வந்தால் மட்டுமே அனுமதிக்கப்பட்ட வோல்டேஜின் உச்சியில் கார்டு நிற்கிறது என்று பொருள். ‘யூடில்’ என்றால் கார்டுக்குப் போதிய வேலையே இல்லை, புராசஸர்தான் பின்தங்குகிறது. அக்காள் மகனின் திரையில் பச்சை நிறத்தில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது ‘பவர்’. 200 வாட் வரம்பில் முட்டிக்கொண்டு நிற்கும் கார்டுக்கு 1.1 வோல்ட் புள்ளியைத் திறந்துவிட்டு என்ன பயன்? கனமான காட்சிகளில் அது அந்தப் புள்ளியை எட்டிக்கூடப் பார்க்காது.

அடுத்தது, கார்டு எப்படி விழுகிறது என்பது. திரை ஒரு நொடி இருண்டு, விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு, டெஸ்க்டாப் திரும்பி வந்தால் அது பெரும்பாலும் கோர் வேகத்தின் கோளாறு. விண்டோஸ் கார்டிடம் வேலை கொடுத்துவிட்டு இரண்டு நொடி காத்திருக்கிறது. பதில் வராவிட்டால் டிரைவரைத் தானே மறுபடி தொடங்குகிறது. ஈவென்ட் வியூவரில் 4101 என்ற எண்ணோடு அது பதிவாகும். அந்த இரண்டு நொடியை ரெஜிஸ்ட்ரியில் பத்து நொடியாக நீட்டச் சொல்லும் அறிவுரைகளைப் பார்க்கலாம். நீண்ட கணக்கீடுகளை ஓட்டுகிறவர்களுக்கு அது தேவைப்படலாம். ஓவர்கிளாக் தடுமாற்றத்துக்கு அது மருந்தல்ல. நோயை மறைக்கிற போர்வை.

திரையில் வண்ணப் புள்ளிகள் மின்னினால், சதுரங்கப் பலகை போலக் கட்டங்கள் தெரிந்தால், மெமரி வேகத்தைச் சந்தேகிக்க வேண்டும். கோர் வோல்டேஜை எவ்வளவு ஏற்றினாலும் இது தீராது. ஆர்டிஎக்ஸ் 3080 போல ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி உள்ள கார்டுகளில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. பிழை நேர்ந்தால் கார்டு அதைக் கண்டுபிடித்து, தரவை மறுபடி அனுப்பிக்கொள்கிறது. அதனால் திரை கெடாது, எதுவும் நிற்காது. ஆனால் மெமரி வேகத்தை ஏற்ற ஏற்ற, சோதனை மென்பொருள் தரும் மதிப்பெண் குறைந்துகொண்டே போகும். எண் கூடுகிறதே என்று மகிழ்ந்துகொண்டிருப்பவர் உண்மையில் இழந்துகொண்டிருக்கிறார்.

கணினி முழுவதும் சட்டென்று அணைந்துபோனால் பார்வையைக் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பக்கம் திருப்புங்கள். பெரிய கார்டுகள் மில்லிநொடிக் கணக்கில் தங்கள் வரம்பைத் தாண்டி மின்சாரத்தை இழுக்கின்றன. 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை, 100 மைக்ரோநொடிக்கு எஸ்எம்பிஎஸ்ஸின் மதிப்பைப் போல இரு மடங்கு இழுவையைத் தாங்கும்படி கேட்பதற்குக் காரணமே இதுதான். இரண்டு 8-பின் இணைப்புள்ள கார்டுக்கு ஒரே கேபிளின் இரண்டு தலைகளைச் செருகியிருந்தால், தனித்தனிக் கேபிளாக மாற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். நம் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் 600 விஏ யூபிஎஸ் தாங்குவது ஏறத்தாழ 360 வாட். 200 வாட் கார்டு, புராசஸர், மானிட்டர் எல்லாம் முழு வேகத்தில் ஓடும்போது மின்சாரம் ஒரு கணம் போய் வந்தாலும் யூபிஎஸ் சுமை தாங்காமல் அணைந்துவிடும். ஓவர்கிளாக் மேல் பழி விழும். மாலை நேரத்தில் மட்டும் கணினி அணைகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது யூபிஎஸ்ஸின் அளவைத்தான்.

கார்டின் மேல் வீண் பழி விழுந்ததற்குப் பெரிய எடுத்துக்காட்டு இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசஸர்கள். ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்ற பிழைச் செய்தியோடு விளையாட்டுகள் நின்றன. செய்தியைப் படித்தவர்கள் கார்டை மாற்றினார்கள், டிரைவரை மாற்றினார்கள். கோளாறு புராசஸரில் இருந்தது. அதற்குப் போன வோல்டேஜ் தேவைக்கு மேல் இருந்ததால் சிப் தேய்ந்துபோயிருந்தது. 2024 ஆகஸ்டில் இன்டெல் 0x129 என்ற மைக்ரோகோடை, அதாவது புராசஸருக்கான திருத்த நிரலை, வெளியிட்டது, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. ஆகவே கார்டைத் தொடுவதற்கு முன்னால் மதர்போர்டு பயாஸைப் புதுப்பியுங்கள். ரேமின் எக்ஸ்எம்பி எனும் கூடுதல் வேக அமைப்பையும் ஒரு நாள் நிறுத்திவைத்துப் பாருங்கள்.

தொழிற்சாலை வேகத்திலேயே தடுமாறுகிற கார்டுகளும் உண்டு. 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 3080 வந்தபோது, வேகம் 2 ஜிகாஹெர்ட்ஸை நெருங்கியதும் பல கார்டுகள் விழுந்தன. சிப்புக்குப் பின்னால் இருக்கும் மின்தேக்கிகளின் வகைதான் காரணமா என்று பெரிய விவாதம் நடந்தது. அந்த மாதக் கடைசியில் வந்த 456.55 டிரைவர் பெரும்பாலானோருக்குத் தடுமாற்றத்தை நீக்கியது. வோல்டேஜை யாரும் ஏற்றவில்லை. உச்ச வேகத்துக்குத் தாவும் விதத்தைச் சற்றே தணித்ததே போதுமாக இருந்தது. உங்கள் கார்டு எந்த மாற்றமும் செய்யாத நிலையிலேயே தடுமாறினால், கீழே வருவது எதையும் செய்யாதீர்கள். உத்தரவாதம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

ஏற்றும் வழி

வோல்டேஜை ஏற்றுவது யாருக்குப் பொருந்தும்? பெர்ஃப்கேப் வரியில் ‘வி-ரெல்’ தொடர்ந்து வருகிறது, வெப்பம் 65 டிகிரிக்குள் இருக்கிறது, பவர் லிமிட்டில் இடம் மிச்சமிருக்கிறது என்றால் ஸ்லைடரைத் தள்ளிப் பார்க்கலாம். குளிரூட்டிய அறை, பெரிய மூன்று ஃபேன் கார்டு அல்லது தண்ணீர்க் குளிர்விப்பு உள்ளவர்களுக்கு இது அமையும். என்விடியா விட்டுவைத்திருக்கும் இடைவெளி மிகவும் சிறியது என்பதால் ஸ்லைடரால் மட்டும் கார்டைக் கெடுத்துக்கொள்வது கடினம். கிடைக்கும் பயனும் அதே அளவு சிறியது. மதிப்பெண் பட்டியலில் ஓர் இடம் முன்னேற வேண்டும் என்பவருக்கு அந்த 1 சதவீதம் முக்கியம். அவர் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தினமும் விளையாடுகிறவருக்கும், பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாணப் படம் ஆக்குகிறவருக்கும் அது கண்ணுக்குத் தெரியாது.

பவர் லிமிட்டை மட்டும் ஏற்றுவது இதைவிடப் பயனுள்ளது. ‘பவர்’ என்று வரும் கார்டில் 100லிருந்து கார்டு அனுமதிக்கும் உச்சம் வரை ஏற்றினால், வளைகோட்டில் ஏற்கெனவே உள்ள உயர்ந்த புள்ளிகளுக்கு அது தானே போகும். கோடு மாறாததால் புதிதாகத் தடுமாற்றம் வர வாய்ப்பு குறைவு. ஆனால் சில மலிவான கார்டுகள் 100க்கு மேல் அனுமதிப்பதே இல்லை. வெப்பம்தான் விலை. சித்திரையில் மதுரையிலும் திருச்சியிலும் அறைக்குள்ளேயே 36 டிகிரி இருக்கும்போது, 24 டிகிரி அறையில் எடுத்த யூடியூப் அளவீடுகளோடு 12 டிகிரியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். அங்கே 70ஐக் காட்டும் கார்டு இங்கே 82ஐக் காட்டும். என் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது. அந்த 12 டிகிரியை ஒவ்வோர் ஆண்டும் நான் பார்க்கிறேன்.

இறக்கும் வழி

நான் அக்காள் மகனுக்குச் சொன்னது இதைத்தான்.

வோல்டேஜை 1.05லிருந்து 0.9 வோல்டுக்கு இறக்கினால், வர்க்கக் கணக்கில் 0.735 வருகிறது. அதே வேகத்துக்கு இயங்குமின் செலவு கால் பங்குக்கு மேல் குறைகிறது. பவர் லிமிட்டில் முட்டிக்கொண்டிருந்த கார்டுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. அதனால், வோல்டேஜை இறக்கிய கார்டு தொடர்ந்து ஓடும் வேகம் பல நேரம் தொழிற்சாலை நிலையைவிடக் கூடுதலாகவே நிற்கும். முதல் முறை கேட்பவர்கள் இதை நம்ப மறுப்பார்கள். பெர்ஃப்கேப் வரியைப் புரிந்துகொண்டவர்களுக்கு இது இயல்பாகவே விளங்கும்.

செய்முறை நீளமானதல்ல. ஆஃப்டர்பர்னரில் கன்ட்ரோல், எஃப் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வளைகோடு திறக்கும். கோர் வேகத்தில் முதலில் 250 அல்லது 300ஐக் கழித்து முழுக் கோட்டையும் கீழே இறக்குங்கள். பிறகு 900 மில்லிவோல்டில் உள்ள ஒற்றைப் புள்ளியை மட்டும் நீங்கள் விரும்பும் வேகத்துக்குத் தூக்குங்கள். ‘அப்ளை’ கொடுத்ததும் அதற்கு வலப்புறம் உள்ளவை எல்லாம் ஒரே மட்டமாகப் படுத்துக்கொள்ளும். கார்டு அந்தப் புள்ளியைத் தாண்டிப் போகாது. கார்டு சூடாக இருக்கும்போது இதைச் செய்வது நல்லது. வெப்பத்தைப் பொறுத்துக் கோடே ஒரு படி மேலும் கீழும் நகர்வதால், குளிர்ந்த நிலையில் 1860 என்று வைத்தது சூட்டில் 1845 ஆகத் தெரியும். கோளாறு என்று பயந்துவிட வேண்டாம்.

இந்த வழியைப் பற்றிப் பலரும் சொல்லாமல் விடுகிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வோல்டேஜை இறக்குவது பாதுகாப்பான செயல், அதனால் தடுமாற்றமே வராது என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. 0.9 வோல்டில் தொழிற்சாலை வைத்திருந்த வேகத்தைவிடக் கூடுதல் வேகத்தை அதே 0.9 வோல்டில் கேட்கிறோம். அதுவும் ஓவர்கிளாக்தான், கோட்டின் வேறோர் இடத்தில் செய்கிறோம், அவ்வளவே. சிப் கெடாது, ஆனால் விழலாம். விழுந்தால் 15 மெகாஹெர்ட்ஸ் இறக்குங்கள், அல்லது அடுத்த வோல்டேஜ் புள்ளிக்கு நகருங்கள்.

சோதிப்பதிலும் கவனம் வேண்டும். கார்டுக்கு முழுச் சுமை கொடுக்கும் ஃபர்மார்க் மென்பொருள் ஒரு மணி நேரம் ஓடியது, ஆகவே உறுதியாக நிற்கிறது என்று சொல்வது தவறு. ஃபர்மார்க் அவ்வளவு மின்சாரம் இழுப்பதால் கார்டு பவர் லிமிட்டில் முட்டி, கோட்டின் கீழ்ப் புள்ளிகளுக்கு இறங்கிவிடுகிறது. நீங்கள் மாற்றிய புள்ளியை அது தொடுவதே இல்லை. 3டிமார்க்கின் டைம் ஸ்பை தொடர் சோதனை 20 சுற்று ஓடி, 97 சதவீதச் சீரான வேகத்தைக் கேட்கிறது. அது நல்ல தொடக்கம். அதைத் தாண்டிய கார்டும், ஒளியின் பாதையைக் கணக்கிட்டுக் காட்சி வரையும் ரே டிரேசிங் உள்ள விளையாட்டில் விழுவதுண்டு, ஏனென்றால் சிப்பின் வேறு பகுதிகள் அப்போதுதான் விழித்துக்கொள்கின்றன. மெனு திரையிலும் காட்சி மாறும் இடத்திலும் மட்டும் விழுகிறது என்றால், சுமை சட்டென்று ஏறி இறங்கும் தருணத்தைக் கார்டு தாங்கவில்லை என்று கொள்ளுங்கள். ஒரு வாரம் வழக்கமான பயன்பாட்டில் ஓடும்வரை ‘விண்டோஸ் தொடங்கும்போதே அமல்படுத்து’ என்ற பொத்தானை அழுத்தாதீர்கள். அழுத்திவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் சேஃப் மோடில் நுழைந்து ஆஃப்டர்பர்னரை நீக்கினால் மீண்டுவிடலாம்.

ஏஎம்டி கார்டுகளுக்கும் இதே வழிதான் ஏற்றது. கருவி மட்டும் வேறு. அட்ரினலின் மென்பொருளிலேயே வோல்டேஜ், வேகம், பவர் லிமிட் மூன்றும் இருக்கின்றன. கூடவே ஆஃப்டர்பர்னரையும் ஓட்டினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து எழுதிக்கொள்ளும். ஒன்றை மட்டும் வையுங்கள். கார்டு ஒரு முறை விழுந்துவிட்டால் அட்ரினலின் உங்கள் அமைப்பைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிவிடுகிறது. அதைக் கவனிக்காமல், மாற்றம் அமலில் இருப்பதாக எண்ணி அடுத்த சோதனையை ஓட்டுகிறவர்கள் அநேகம். 2017இல் வந்த வேகா கார்டுகள், வோல்டேஜை இறக்கினால் எவ்வளவு மாறும் என்பதற்கு இன்றும் சொல்லப்படும் சான்று. 295 வாட் வேகா 64 தொழிற்சாலையிலிருந்து தேவைக்கு அதிகமான வோல்டேஜோடு வந்தது.

இவ்வளவுக்கும் பொறுமை இல்லாதவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. பவர் லிமிட்டை 80க்கு இறக்கிவிட்டு வேறு எதையும் தொடாதீர்கள். தொழிற்சாலைக் கோட்டிலேயே கார்டு ஓடுவதால் தடுமாற்றத்துக்கு இடமில்லை. வேகத்தில் சில சதவீதம் போகும். வெப்பமும் சத்தமும் அதைவிட அதிகமாகக் குறையும். லினக்ஸில் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளை ஒன்றாலேயே இதைச் செய்துவிடலாம்.

பயாஸும் சால்டரும்

பூட்டை உடைத்தே தீருவேன் என்பவர்களுக்கு இரண்டு கதவுகள் உண்டு.

முதல் கதவு பயாஸ். பாஸ்கலுக்கு முந்தைய மேக்ஸ்வெல் தலைமுறை வரை பயாஸைத் திருத்தி எழுத மென்பொருள்கள் இருந்தன. பாஸ்கல் முதல், பயாஸ் திருத்தப்படாத அசல்தானா என்று பார்க்கும் கையொப்பச் சோதனை வந்து அது நின்றது. 2023 ஆகஸ்டில் பாஸ்கலுக்குப் பின் வந்த ட்யூரிங் தலைமுறை வரையிலான கார்டுகளுக்கு அந்தச் சோதனையைத் தாண்டும் கருவிகள் வெளிவந்தன. மற்றவர்கள் செய்வது, அதே சிப் உள்ள வேறு தயாரிப்பாளரின் உயர்ந்த பவர் லிமிட் பயாஸை ஏற்றுவது. அதில் ஃபேன் சுற்றாமல் போகலாம், ஒரு டிஸ்பிளே போர்ட் செத்துப்போகலாம், மின்சுற்று தாங்காத வரம்பு வந்து சேரலாம். இரட்டை பயாஸ் பொத்தான் உள்ள கார்டு என்றால் துணியலாம். ஒன்று கெட்டால் மற்றொன்றில் எழுந்துவிடும். இல்லாத கார்டில் கெட்டால், சிப்பில் கிளிப் மாட்டி வெளியிலிருந்து எழுதும் கருவியோ, சென்னை ரிச்சி தெருவில் சிப் அளவில் பழுது பார்ப்பவரோதான் துணை. எதுவானாலும் ஜிபியு-இசட்டில் பழைய பயாஸைச் சேமித்துக்கொள்ளாமல் தொடங்கக் கூடாது.

இந்த வழி உண்மையிலேயே பயன் தந்த ஒரு கார்டை எனக்குத் தெரியும். வேகா 56இல் மெமரி வோல்டேஜ் 1.25, வேகா 64இன் பயாஸை ஏற்றினால் 1.35. மென்பொருளால் மாற்ற முடியாத அந்த வோல்டேஜ், மெமரி வேகத்துக்கு நேராகக் கைகொடுத்தது. அப்போதும் சாம்சங் மெமரி உள்ள கார்டுகளுக்குத்தான் அது ஒத்துப்போனது. ஹைனிக்ஸ் மெமரி உள்ளவை பெரும்பாலும் தடுமாறின.

இரண்டாம் கதவு சால்டரிங். கார்டுக்குள் வரும் மின்சாரத்தை அளக்க 5 மில்லிஓம் அளவுள்ள சிறிய மின்தடைகள் இருக்கும். அதன் மேல் இன்னொரு 5 மில்லிஓம் மின்தடையை வைத்தால் மொத்தம் 2.5 ஆகிறது, 200 வாட் இழுக்கும்போது கார்டு 100 வாட் என்று நம்புகிறது. வரம்பு காணாமல் போகிறது. அதோடு பாதுகாப்பும் காணாமல் போகிறது. சால்டருக்குப் பதிலாகத் திரவ உலோகத்தைத் தடவுகிறவர்கள், அதிலுள்ள காலியம் சால்டரையே அரித்து மின்தடையைக் கழன்றுவிழச் செய்யும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். போட்டிகளில் கலந்துகொள்கிறவர்களின் வழி இது. வீட்டில் ஒரே கார்டு வைத்திருப்பவருக்கு நான் இதைச் சொல்லவே மாட்டேன்.

தொடாமல் விடுவது

இதைத் தோல்வியாக நினைப்பவர்கள் உண்டு. கார்டை வைத்துப் பிழைப்பவர்களுக்கு, அதாவது கணினி படத்தை ஆக்கி முடிக்க இரவெல்லாம் ரெண்டர் போட்டுவிட்டுக் காலையில் வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டியவர்களுக்கு, இதுவே சரியான முடிவு என்று உறுதியாகச் சொல்வேன். விடியற்காலை மூன்று மணிக்கு டிரைவர் விழுந்தால் போவது ஒரு நாள் கூலி. என் ஜிடிஎக்ஸ் 1060இல் ஏப்ரல் வரை ஒரு முறைகூட விழாமல் ஓடிய ஓவர்கிளாக், மே மாதத்தில் இரண்டு இரவுகள் ரெண்டரை நிறுத்திவிட்டது. நான் வைத்த எண் ஒன்றுகூட மாறவில்லை. அறையின் வெப்பம் மாறியிருந்தது. அதன் பிறகு வேலைக்கு ஓர் அமைப்பும் விளையாட்டுக்கு ஓர் அமைப்பும் தனித்தனியாக வைத்திருக்கிறேன்.

பழைய கார்டு என்றால், எண்களைத் தொடுவதற்கு முன்னால் தூசியைத் தட்டி, சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றிப் பார்ப்பது எல்லா வழிகளுக்கும் முந்தியது. ஜிபியு-இசட்டில் சாதாரண வெப்பத்துக்கும், சிப்பின் மிகச் சூடான இடமான ஹாட் ஸ்பாட்டுக்கும் இடையே 25 டிகிரிக்கு மேல் இருந்தால் பேஸ்ட் காய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அக்காள் மகனின் கார்டில் அந்த இடைவெளி 27 இருந்தது. பேஸ்ட்டை மாற்றியதும் 14க்கு வந்தது. யூபிஎஸ்ஸைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தோம். 0.9 வோல்டில் 1860 மெகாஹெர்ட்ஸ் வைத்தோம்; முதல் வாரத்தில் ஒரு முறை ரே டிரேசிங்கில் விழுந்தது, 1845க்கு இறக்கினோம். இப்போது 160 வாட்டை ஒட்டி ஓடுகிறது, ஃபேன் சத்தம் அக்காளுக்குக் கேட்பதில்லை. வெயில் மாதங்களுக்கு 0.85 வோல்டில் இரண்டாவது அமைப்பு ஒன்றை ஆஃப்டர்பர்னரில் சேமித்துக் கொடுத்திருக்கிறேன். மார்கழியில் மெமரியையும் ஏற்றிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறான். ஏற்றலாம், ஆனால் கோரைத் தொடாமல், நூறு நூறாக, ஒவ்வொரு படியிலும் மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டு ஏற்றச் சொல்லியிருக்கிறேன்.